கரடியும் புலியும் தேடிய புதையல்
ஜெர்மன் எழுத்தாளர் யானோஷ் எழுதி வரைந்த ‘வா, புதையல் கண்டுபிடிப்போம்’ 1979-இல் வெளிவந்தது. யானோஷ் என்பது புனைபெயர். இயற்பெயர் ஹோர்ஸ்ட் எக்கெர்ட். இன்று போலந்தில் உள்ள சைலீசியப் பகுதியில் 1931-இல் பிறந்தவர். இந்தப் புத்தகத்துக்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய பனாமா கதையில் அறிமுகமான குட்டிக் கரடியும் குட்டிப் புலியும்தான் இதிலும் நாயகர்கள். ஒருநாள் கரடியின் தூண்டிலில் மீன் சிக்கவில்லை. காட்டுக்குப் போன புலிக்குக் காளானும் அகப்படவில்லை. பணம் இருந்தால் இந்தக் கவலையே இல்லையே என்று இருவரும் புதையல் தேடிக் கிளம்புகிறார்கள். தோண்டித் தோண்டிக் கை சலித்த பிறகு, தங்க ஆப்பிள் காய்த்த மரம் ஒன்று எதிர்ப்படுகிறது. கதை சூடுபிடிப்பது இதற்குப் பிறகுதான். தங்கம் சுமக்க முடியாத கனம். அதனால் நகரத்தில் அதைக் காகிதப் பணமாக மாற்றிக்கொள்கிறார்கள். பாதி அரசனுக்கு வரியாகப் போகிறது. மீதியைக் கொள்ளைக்காரன் பறித்துக்கொள்கிறான். நாணயமாற்று, வரி, திருட்டு ஆகிய மூன்றையும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி இத்தனை எளிமையாகச் சொன்ன படக்கதைகள் அபூர்வம். பெரியவர்கள் உலகத்தைக் குழந்தைகளிடம் மறைக்காத இந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம். படங்களும் அப்படியே: சற்றே கோணலான கோடுகள், நீர்வண்ணம், ஓரத்தில் வேறு வேலையாகத் திரியும் சின்னஞ்சிறு விலங்குகள். வாசித்துக் காட்டுபவர் பக்கத்தைப் புரட்டினாலும் குழந்தையின் விரல் அந்த ஓரத்தை விட்டு நகராது. கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பும் இருவருக்கும் மீனும் காளானும் மறுபடி கிடைக்கின்றன.