மீதத்தொகையைக் காட்டாத அட்டை: 40 மில்லியன் வெள்ளிப் பாடம்

பேருந்தில் ஏறி அட்டையைத் தட்டியதும் திரையில் தெரியும் கட்டணமும் மீதத்தொகையும் நமக்குச் சிறிய விஷயம். ஆனால், 2024ல் சிங்கப்பூரில் ஒரு பெரிய முடிவு மாறியதற்கு அந்த இரண்டு எண்களே முக்கியக் காரணம்.

அவ்வாண்டு ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிம்பிளிகோவுக்கு மாறாத, பெரியவர்களுக்கான ஈசி-லிங்க் அட்டைகளையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளையும் ஜூன் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் பயன்படுத்த முடியாது என்றது. பயணிகள் பலர் அதிருப்தி தெரிவித்தனர். ஜனவரி 22ஆம் தேதி முடிவு மீட்டுக்கொள்ளப்பட்டது. பழைய முறையைத் தொடர அரசாங்கம் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடும் என்றும் அறிவிக்கப்பட்டது.

புதிய முறை பழுதானதன்று. பழைய முறையில் பணம் அட்டையிலேயே பதிவாகியிருக்கும்; அதனால் மீதத்தொகை உடனே தெரியும். சிம்பிளிகோவில் பணம் கணக்கில் இருக்கும். கட்டணம் பின்னணிக் கணினியில் கணக்கிடப்படும். அதைத் திரையில் காட்டச் சில விநாடிகள் கூடுதலாகும். உச்சநேரத்தில் ரயில் நிலைய நுழைவாயிலில் வரிசை நீண்டுவிடும். மாறாக, கைப்பேசியிலேயே பணம் நிரப்பலாம். அட்டை தொலைந்தாலும் மீதப் பணத்தைப் பாதுகாக்கலாம்.

பெரியவர்களின் கட்டணப் பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்போதே சிம்பிளிகோவுக்கு மாறியிருந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எவ்வளவு பரிவர்த்தனைகள் மாறின என்பதை அந்த எண் சொல்கிறது. மற்றவர்கள் ஏன் மாறவில்லை என்பதைச் சொல்லவில்லை. கைப்பேசிச் செயலி பழகாத பயணிகளுக்குத் திரையில் தெரியும் தொகைதான் கணக்குப் புத்தகம். வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் அதே அட்டையைப் பயன்படுத்துவோருக்குச் சிம்பிளிகோ அட்டை உதவாது.

அதே வேளையில், இரண்டு முறைகளையும் சேர்த்து இயக்கும் செலவு பொதுமக்களின் பணம். எனவே, வரி செலுத்துவோரும் இதில் ஒரு தரப்பினரே. இப்படி முரண்படும் தேவைகளைத் தொடக்கத்திலேயே வெளிக்கொணர்ந்து எடைபோடுவதுதான் அமைப்புமுறைப் பொறியியலின் முதல் வேலை.

மாணவர்களே, அடுத்த திட்டப்பணியில் செயலி ஒன்றை உருவாக்குமுன், “இது உங்களுக்குப் பிடிக்குமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இன்னும் ஏன் பழையதையே பயன்படுத்துகிறீர்கள்?” என்றும் கேளுங்கள். வரைவுத்தாளில் செய்யும் திருத்தத்துக்கு அழிப்பான் போதும். நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின் செய்தால் கோடிக்கணக்கில் செலவாகும்.