தூண்டிற்கோலும் ஒரு சென்ட் காசும்



மீட்டர் கோலின் ஒரு முனையை மேசையின் விளிம்போடு இறுகக் கட்டி, மறு முனையில் எடைகளைத் தொங்கவிட்டு, கோல் எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கும் சோதனையை நீங்கள் அறிவீர்கள். இதுவரை செய்யாதவர்கள் இனிமேல் செய்வீர்கள். "இது எதற்குப் பயன்படும், சார்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. இப்போது என்னிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் தூண்டில் போடுவோர் சிலர் தம் வீட்டு மேசையில் இதே சோதனையைச் செய்கிறார்கள். எடைக்கற்களுக்குப் பதிலாக ஒரு சென்ட் காசுகளைப் பையில் இட்டு, தூண்டிற்கோலின் நுனியில் தொங்கவிடுகிறார்கள்.

கடையில் வாங்கிய கோலின் மீதே அதன் வலிமை அச்சிடப்பட்டிருக்குமே, பிறகு ஏன் இந்த வேலை? அச்சிட்டிருப்பது அளவு அன்று, வெறும் சொல், அதுதான் காரணம். கோல் விற்பவர்கள் அளவைச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை வாங்குபவர் தாமே அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அப்படிக் கருதுகிறேன் என்று சொல்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

முதலில் மீனைப் பார்ப்போம். பாஸ் என்பது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். அதில் பெரிய வாய்ப் பாஸ் என்னும் வகையைப் பிடிப்பது அந்நாட்டில் ஒரு பெரிய விளையாட்டு. 1932-ஆம் ஆண்டு ஜியார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த மீன் பத்துக் கிலோகிராமுக்குச் சற்று அதிகமாக இருந்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடியிருந்ததால், இருவரையும் சமமான சாதனையாளர்களாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் சாதாரணமாகக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு கிலோ மீன்தான். 1967-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் பரிசுப் போட்டி ஒன்றை நடத்தினார். அதன் பிறகு இந்த விளையாட்டு பெருகியது. கோல்களின் வகைகளும் பெருகின.

இன்று அங்கே ஒரு கடைக்குள் நுழைந்தால் கோல்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒன்று ஐம்பது டாலர்; இன்னொன்று ஐந்நூறு டாலர். உங்கள் வயதுப் பையன் ஒருவன் கோடை விடுமுறையில் புல் வெட்டிச் சேர்த்த பணத்துடன் அங்கே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதைப் பார்த்து வாங்குவான்?

கோலின் கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் சில விவரங்கள் இருக்கும். நீளம் 7 அடி. பவர்: மீடியம் ஹெவி. ஆக்‌ஷன்: விரைவு. நரம்பு 12 முதல் 20 பவுண்டு. போலி இரை 3/8 முதல் 1 அவுன்ஸ். இவற்றுள் நீளத்தையும் இரையின் எடையையும் நம்பலாம், அவை அளவுகள். மற்ற இரண்டையும் பாருங்கள். பவர் என்றதும் நீங்கள் வாட் கணக்கை நினைப்பீர்கள். ஆக்‌ஷன் என்றதும் நியூட்டனின் மூன்றாம் விதி நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இங்கே தொடர்பில்லை. தூண்டிற்காரர்கள் பவர் என்பது கோலின் விறைப்பை. ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதை: நுனியருகே மட்டும் வளைந்தால் விரைவு, நடுவரை வளைந்தால் மிதம். நல்ல கருத்துகள்தாம். ஆனால் 'மீடியம் ஹெவி' என்பதற்கு அலகு என்ன? எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி, மற்றொன்றின் ஹெவியைவிட விறைப்பாக இருக்கலாம். ஒரே நிறுவனம் ஒரே வரிசையில் செய்த கோல்களுக்குள் ஒப்பிட மட்டுமே இச்சொல் உதவும். சோதனை ஏட்டில் அலகில்லாமல் விடை எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். கடைக்காரருக்கு யார் குறைப்பது?

இந்த விறைப்பு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். ஃபுளோரிடாவின் ஒக்கீச்சோபி ஏரியில் நாணலும் நீர்ப்பாசியும் மண்டிக் கிடக்கும். பாஸ் அதற்குள் பதுங்கியிருக்கும். இரையைக் கவ்வியதும் அதை உடனே வெளியே இழுக்காவிட்டால் நரம்பைச் செடியில் சுற்றிவிடும். அங்கே விறைப்பான கோல் வேண்டும். தடித்த ஒற்றை முள் மீனின் தாடையில் ஏறவும் அதுவே ஏற்றது. திறந்த நீரில், மீன் உருவில் செய்த போலி இரையை இழுத்து வருகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்த இரையில் மும்முனை முட்கள் சிறியனவாக இருக்கும், மேலாகவே குத்தியிருக்கும். விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால் முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மீன் திமிறும்போதெல்லாம் வளைந்து கொடுக்கும் கோலே அங்கு நல்லது. அதனால்தான் விலை மலிவான கண்ணாடி இழைக் கோலைத் தேர்ந்தவர்கள் கூட இதற்கென வைத்திருக்கிறார்கள். சிறந்த கோல் எது என்ற கேள்விக்கே பொருளில்லை. எந்த இரைக்கு, எந்த நீருக்கு என்று கேட்க வேண்டும். பழகிய தூண்டிற்காரர்கள் இரையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகே கோலைத் தேடுகிறார்கள்.

வீசும்போதும் இதே கணக்குத்தான். பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது இரையின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் வில்லைப் போல ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது இரைக்குக் கொடுக்கிறது. இரை மிக இலேசானால் கோல் வளையாது. மிகக் கனமானால் நிமிரத் திணறும். 3/8 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 11 கிராம், 1 அவுன்ஸ் 28 கிராம். கோலின் மேல் எழுதியவற்றுள் வாங்குபவருக்கு மிகவும் பயன்படும் வரி இதுதான்.

நீளம் கூடினால் நுனியின் வேகம் கூடும், இரை தொலைவில் விழும். ஆனால் நெம்புகோல் விதியை மறக்கக் கூடாது. கோலைத் தூக்கிப் பிடித்து மீனை இழுக்கும்போது முன்கை ஆதாரப் புள்ளி. நரம்பின் இழுவிசை அதிலிருந்து 150 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது, பின்கை 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். நுனியில் 1 கிலோகிராம் எடையளவு இழுக்கப் பின்கை 5 கிலோகிராம் எடையளவு அழுத்த வேண்டும். நெம்புகோல் இங்கே மீனுக்குத்தான் சாதகம்! 20 பவுண்டு நரம்பு, அதாவது சுமார் 9 கிலோ தாங்கும் நரம்பு அறுந்துபோகும் அளவுக்கு இந்த நிலையில் இழுக்க 45 கிலோ தேவை. யாரால் முடியும்? கோலை நரம்பின் நேர்கோட்டில் நீட்டிப் பிடித்தால்தான் நரம்பின் முழு வலிமையும் வேலைக்கு வரும். அப்போது கோல் எந்தக் கோலாக இருந்தாலும் ஒன்றுதான்.

இனி, பணம் பறிக்கும் எண்களுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார்கள். அதற்கு முதலில் பயன்பட்டது கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன நம் நாட்டு மூங்கில். பிறகு சீன மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1970-களில் கரி இழை வந்தது. கண்ணாடி இழையின் யங் குணகம் 70 கிகாபாஸ்கலை ஒட்டியது. சாதாரணக் கரி இழையினுடையது 230 கிகாபாஸ்கல். அடர்த்தியோ முன்னதற்கு 2.5, பின்னதற்கு 1.8. மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு, எடையும் குறைவு! இது விளம்பரம் அன்று, உண்மையான முன்னேற்றம்.

அதற்குப் பிறகுதான் வம்பு தொடங்குகிறது. கோலின் மேல் '24 டன்', '30 டன்', '40 டன்' என்று எழுதுகிறார்கள். பையன் என்ன நினைப்பான்? 24 டன் லாரியைத் தூக்கும் கோல் என்றா? சொல்லாமல் விட்டது, 'ஒரு சதுர மில்லிமீட்டருக்கு' என்ற சொற்களை. இது அறுபடும் விசையும் அன்று, யங் குணகம். அதுவும் இழையின் குணகமே அன்றி, பிசினில் தோய்த்துச் சுருட்டிய கோலின் குணகம் அன்று. 'ஐ.எம்.6', 'ஐ.எம்.7' என்பவை இன்னும் வேடிக்கை. அவை ஓர் இழை உற்பத்தியாளர் தம் சரக்குகளுக்கு இட்ட வணிகப் பெயர்கள். அவற்றைத் தேர்வில் வாங்கிய தரவரிசை போல மற்றவர்களும் எடுத்து வழங்குகிறார்கள்.

இழை எவ்வளவு உயர்ந்ததாயினும், கோல் ஒரு குழாய் என்பதை மறக்கக் கூடாது. மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு, குணகத்துக்கும் சுவரின் தடிப்புக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். ஆரத்தின் மும்மடிக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். 24-இலிருந்து 30 டன்னுக்குப் போனால் விறைப்பு 25 சதவீதம் கூடும். அதே 25 சதவீதத்தை 10 மி.மீ. குழாயை 10.8 மி.மீ. ஆக்கியும் பெறலாம். 1.08-ஐ மும்மடியாக்கிப் பாருங்கள்! குழாயின் எடை 8 சதவீதம் கூடும், அவ்வளவே. ஆகவே குழாயின் விட்டத்தையும் தடிப்பையும் சொல்லாமல் இழையின் குணகத்தை மட்டும் சொன்னால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. மேலும், பொதுவாகக் குணகம் மிக உயர்ந்த இழைகள் குறைவாக நீண்டதுமே முறிபவை. விலை உயர்ந்த கோலின் நுனியை மீனைப் படகில் தூக்கும்போது ஒடித்துக்கொண்டவர்கள் பலர்.

அப்படியானால் கடையில் எல்லோரும் கோலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்களே, அது வெறும் வழக்கமா? இல்லை. அதில் இயற்பியல் இருக்கிறது. ஆட்டும்போது கை உணர்வது கோலின் இயல்பு அதிர்வெண்ணை. விறைப்பு கூடி, நுனியின் எடை குறைந்தால் அதிர்வெண் உயரும். மீனின் சிறு தட்டலும் கைக்கு எட்டும். இதைத்தான் 'உணர்திறன்' என்று விற்கிறார்கள். ஆகவே கையை நான் குறை சொல்லவில்லை. கைக்கு முன்பே கண் விலைச்சீட்டைப் படித்துவிடுகிறது, அதுதான் தொல்லை.

2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. கிளாடியா ஃபிரிட்ஸ் என்னும் ஆய்வாளரும் துணைவர்களும் 21 வயலின் கலைஞர்களை அழைத்து, பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஆறு வயலின்களை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று புதியவை, மூன்று ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி போன்ற மேதைகள் செய்த, விலைமதிக்க முடியாத பழையவை. பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பியது புதியது ஒன்றை. யாரும் அதிகம் விரும்பாதது ஒரு ஸ்ட்ராடிவாரி! வாழ்நாள் முழுதும் வயலினைப் பிடித்த கைகளுக்கே இப்படி என்றால், மீன் பிடிக்கும் கைகளைப் பற்றி என்ன சொல்வது? கோலின் பெயரையும் விலையையும் காகிதம் சுற்றி மறைத்துவிட்டு, நண்பரை விட்டு எடுத்துத் தரச் சொல்லி ஆட்டிப் பார்ப்பதே முறை. கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

காசுகளின் கதைக்குத் திரும்புவோம். வில்லியம் ஹன்னமன் என்பவர் 2003-இல், கோல் செய்வோருக்கான 'ராட்மேக்கர்' என்னும் இதழில் தம் முறையை வெளியிட்டார். பொது அறிவைக் குறிக்கும் 'காமன் சென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சற்றே திரித்து, 'காமன் சென்ட்ஸ்' முறை என்று பெயரிட்டார். கோலின் அடியைக் கிடையாக இறுக்கிக் கட்ட வேண்டும். நுனி, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்வரை பையில் காசு போட வேண்டும். ஏழடிக் கோலுக்கு அது 71 செ.மீ. எத்தனை காசு என்பதே விறைப்பு. அப்போது நுனி கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணம், கோல் எங்கே வளைகிறது என்பதைச் சொல்லும். 1982-க்குப் பிறகு அடித்த ஒரு சென்ட் 2.5 கிராம், நாடெங்கும் ஒரே எடை. 2025-இல் புழக்கத்துக்காக அக்காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றாலும், வீட்டுக்கு வீடு அது குவிந்து கிடக்கிறது.

இரண்டே எண்கள். கோலின் மேல் இரண்டு சொற்கள் இருக்கும் இடத்தில் அச்சிட்டுவிடலாம். ஆனாலும் கடைகளில் இன்றும் 'மீடியம் ஹெவி'தான். எண்ணைச் சொன்னால் ஐம்பது டாலர் கோலும் ஐந்நூறு டாலர் கோலும் அருகருகே நின்றுவிடுமோ என்ற அச்சம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஐயம். எண்கள் எல்லாவற்றையும் சொல்லா என்று எதிர்வாதம் செய்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடியின் பிடிமானம், வளையங்களின் நேர்த்தி, ரீல் மாட்டியபின் கோல் கையில் சமன்படுவது, முறிந்தால் மாற்றித் தரும் உறுதி, இவற்றுக்கெல்லாம் கூடுதல் விலை கொடுப்பவர் கொடுக்கட்டும். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பார் அல்லவா?

உங்கள் ஊர்க் குளத்தில் தக்கைத் தூண்டில் போட மூங்கிற்கழி வைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் ஒல்லியான கழி இரண்டு தேடுங்கள். அடியை மேசையோடு கட்டி, நுனியில் காலிப் பிளாஸ்டிக் புட்டியைத் தொங்கவிட்டு, அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம். புட்டியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுனி மூன்றில் ஒரு பங்கு தாழ எத்தனை கிராம் என்று குறியுங்கள். பிறகு கழியைத் திருப்பி, மெல்லிய முனையைக் கட்டி, தடித்த முனையில் புட்டியைத் தொங்கவிடுங்கள். கழி அதேதான், கிராம் கணக்கு எப்படி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.