பழுது படத்திலா, காட்டும் கருவியிலா?

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், முன்னர் என்னிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் மடிக்கணினியுடன் என் இல்லத்துக்கு வந்தார். அவருடைய தாயார் இவ்வுலகை நீத்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அந்தியேட்டி நாளில் வழங்கவேண்டிய கல்வெட்டுக்கு எல்லாம் ஆயத்தமாகிவிட்டன. முகப்பில் இடவேண்டிய படம் ஒன்றே எஞ்சி நின்றது. ஒளிப்படம் எடுக்கிறார்கள் என்றாலே விலகிச் சென்றுவிடும் இயல்புடைய அந்த அம்மையாரின் படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. அதுவும் உறவினர் திருமணமொன்றிலே கைத்தொலைபேசியால் எடுத்தது.

“ஐயா, படம் பழுதாகிவிட்டது. ஏதோ இயன்ற அளவு திருத்திச் சேமித்துவிடட்டுமா?” என்றார்.

திரையை நோக்கினேன். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு ஈர்வாளின் பற்களைப்போல் வெட்டுப்பட்டுக் கிடந்தது. சேலையின் நேர்க்கோடுகளோ நீரலைகளைப்போல் நெளிந்தன.

“சற்றுப் பொறும், தம்பி. சேமிக்கும் பொத்தானை மட்டும் தொடாதேயும்” என்றேன்.

படத்தை 100 வீத அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்தோம். கண்ணாடியின் விளிம்பு சீராக வளைந்திருந்தது. சேலைக் கோடுகள் நேராகவே ஓடின. மாணவர் சிறிது நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். கணினிப் படமென்பது வண்ணப் புள்ளிகளால் இழைத்த பாய் போன்றது. அந்தப் படம் அகலத்தில் 3000, உயரத்தில் 4000, ஆக 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் கொண்டது. மாணவரின் திரையிலோ உயரத்தில் 1080 புள்ளிகளே உள்ளன. முழுப் படமும் அதனுள் அடங்கவேண்டுமாயின், 810 × 1080, அஃதாவது ஏறக்குறைய 8 இலட்சத்து 75 ஆயிரம் புள்ளிகளாக அது சுருங்கவேண்டும். பதினான்கு புள்ளிகளின் செய்தியை ஒரு புள்ளி சொல்லவேண்டிய நிலை!

விரைவை மட்டும் கருதும் செயலி, ஒரு புள்ளியைத் தெரிந்தெடுத்து ஏனையவற்றைக் கைவிட்டுவிடும். அதனாலேயே விளிம்புகள் வெட்டுப்படுகின்றன. நெருங்கிய கோடுகளிலே இல்லாத அலைகள் தோன்றுகின்றன. தரத்தைக் கருதும் செயலியோ அயற்புள்ளிகளையும் கலந்து, சராசரி கண்டு வரைகின்றது. பல செயலிகளிலே இவ்வசதி அமைப்புப் பகுதியில் ‘ரீசாம்பிள்’ என்றோ, ‘உயர்தரக் காட்சி’ என்றோ காணப்படும். மாணவரின் செயலியில் அது நிறுத்தப்பட்டிருந்தது. அதனை இயக்கியதும் முழுப் படமும் செம்மையாகத் தோன்றிற்று.

100 வீதத்திலும் படம் மங்கலாயிருப்பின் என் செய்வது? முதலில் திரையின் புள்ளி அளவு, பரிந்துரைக்கப்பட்ட அளவிலேயே உள்ளதா என்று பார்த்துக்கொள்க. அடுத்து, விண்டோசில் எழுத்துகள் பெரிதாகத் தெரியவேண்டி 125 அல்லது 150 வீதம் எனக் குறித்திருந்தால், பழைய செயலிகள் சிறிதாக வரைந்த காட்சியைக் கணினி இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்; அதனாலும் மங்கல் உண்டாகும். செயலியின் எழுத்துகளும் உடன் மங்கியிருத்தல் இதற்கு அடையாளம். இவ்விரண்டும் சரியாயிருந்தும் மங்கல் நீங்காவிடின், குறை படத்திலேயே உள்ளது எனக் கொள்ளலாம். பெரும்பாலும் அது செய்திச் செயலி வழியாகச் சுருங்கி வந்த பிரதியாயிருக்கும். எடுத்தவரிடம் மூலப் படத்தையே ஆவணமாக அனுப்பும்படி கேட்டுப் பெறுக.

சிறிய பிரதியைப் பெருப்பிப்பதிலே பயன் குறைவு. 1957 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரசல் கேர்ஷ் தம் பச்சிளங் குழந்தையின் படத்தைக் கணினியில் ஏற்றினார். கணினியேறிய முதற் படம் அதுவே. அதன் அளவு 176 × 176 புள்ளிகள். அதனை 1080 புள்ளி உயரத்துக்குப் பெருப்பித்தால், ஒரு புள்ளி முப்பத்தாறு புள்ளிகளுக்கும் மேலான இடத்தை நிரப்பவேண்டும். எவ்வளவு நயமாகக் கலந்து வரைந்தாலும், படத்திலே பதியாத இமைமயிரை எந்தச் செயலியும் மீட்டுத் தராது. இன்றைய செயற்கை நுண்ணறிவு இமையொன்றை வரைந்து தரலாம். ஆயினும் அது கற்பனை இமையேயன்றி அன்னையின் இமையன்று.

ஆதலாற்றான் சேமிக்கும் பொத்தானைக் கண்டு அஞ்சினேன். இல்லாத பழுதைத் திருத்தப் புகுந்து, திருத்தியதை மூலத்தின் மேலேயே சேமித்திருந்தால், உள்ள படமும் கெட்டிருக்கும். ஜேபெக் வகைப் படம் மாற்றிச் சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தன் நுட்பத்திற் சிறிதை இழக்கின்றது. மூலத்தை இரண்டு இடங்களிற் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியிலேதான் கைவைக்கவேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

கல்வெட்டு அச்சகத்துக்குச் சென்றுவிட்டது. முகப்பிலே அந்த அம்மையார், சேலையில் ஒரு கோடும் நெளியாமல், அமைதியாக அமர்ந்திருக்கிறார்.