பூநாரையும் நமக்குப் பங்காளிதான்

“பறவை பார்ப்பதா? காரும் காமிராவும் வைத்திருக்கும் கனவான்களின் பொழுதுபோக்கு அது. இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வீடு திரும்புகிறவனுக்கு எதற்கு?” இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பறவையைக் கனவான்களுக்கே விட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான் என்பது நம் அபிப்பிராயம்.

கவரைப்பேட்டைக்காரருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்கும் பழவேற்காடு தூரதேசமல்ல. மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறினால் ஏரிக்கரைக்கே போய்விடலாம். ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. கார்த்திகை முதல் மாசி வரை அங்கே விருந்தாளிகளின் கூட்டம். சைபீரியாவின் பனிக்காட்டிலிருந்து கையளவே உள்ள உள்ளான்கள் பல்லாயிரம் மைல் பறந்து வருகின்றன. ஊசிவால் வாத்து, ஆலா, கடற்காகம், கூழைக்கடா எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணைப் பறிப்பது பூநாரை.

பூநாரை நிற்கும் அழகைப் பாடியவர்கள் பலர். அது செய்யும் வேலையைப் பாருங்கள்! காலால் சேற்றை மிதித்துக் கலக்குகிறது. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கிறது. நாக்கால் நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியும் சிறு பூச்சியும் தங்கிவிடுகின்றன. இப்படி நாள் முழுதும் சலித்தால்தான் அதற்கு வயிறு நிறையும். அதன் இளஞ்சிவப்பு நிறமும் பிறவியில் வந்ததல்ல. குஞ்சு சாம்பல் நிறம்தான். தின்ற இரையிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த நிறம் அது. உழைத்துச் சம்பாதித்த நிறம் என்றே சொல்லலாம்.

அதே சேற்றில் சற்றுத் தள்ளிப் பாருங்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துப் பல்லில் கவ்விய பறிக்குள் போடுகிறார்கள். மீனவர் படகும் அங்கேதான் நிற்கிறது. பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே சேறு, ஒரே சோறு!

இந்தச் சோற்றுக்கு ஆதாரம் முகத்துவாரம். ஆரணியாறு கொண்டுவரும் மழைநீரும் கடல்நீரும் கலந்தால்தான் ஏரி உயிரோடு இருக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டால், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கடலிலிருந்து உள்ளே வர வழியில்லை. முதலில் மீனவன் வலை காலியாகும்; பிறகு பறவையின் வயிறு காலியாகும்.

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலிகாவே சாட்சி. சீரழியும் நீர்நிலைகளின் சர்வதேசப் பட்டியலில் 1993-ல் அந்த ஏரியைச் சேர்த்தார்கள். 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மீன், இறால், நண்டு எல்லாம் பல மடங்கு பெருகின. 2002-ல் அந்தப் பட்டியலிலிருந்து ஏரியின் பெயர் நீங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

வாயை அடைத்தால் வரும் கேடு ஒன்று. வாயில் விஷத்தை ஊற்றினால் வரும் கேடு இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதை நாம் மறக்கவில்லை. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் படிந்து நின்றன. படகும் வலையும் பாழாயின. வாளியாலும் குவளையாலும் அந்தக் கரிய எண்ணெயை அள்ளியவர்கள் யார்? அந்த மீனவர்களேதான். பறவைக்கு வந்த கதி அவர்களுக்கும் வந்தது.

“பறவைகளைக் காக்க வேண்டுமானால் மீனவர்களை வெளியேற்ற வேண்டும்” என்று சில படித்தவர்கள் சொல்வதுண்டு. ஏரியின் நம் பகுதி 1980-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே மீனவரும் பறவையும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, சுடக்கூடாது என்று 1790-களின் கடைசியில் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள் அந்தக் கிராமத்து விவசாயிகள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரியும். பறவையை முதலில் காத்தவன் உழைப்பாளி. அவனுக்கு வேலி போட்டுவிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்கத் திட்டம் போடுவது என்ன நியாயம்?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வடக்கேயிருந்து வரும் பறவையைக் கரையில் நின்று கை தட்டி வரவேற்கிறோம். வடக்கேயிருந்து உருக்காலைக்கு வரும் ஒரிஸ்ஸாக்காரனையும் பீகார்க்காரனையும் எப்படிப் பார்க்கிறோம்? அவனும் இரை தேடி வந்தவன்தான். ஒரிஸ்ஸாத் தோழனையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். சிலிகா எப்படியிருக்கும் என்று அவன் உங்களுக்குச் சொல்லுவான்.

போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். படம் பிடிப்பதற்காகப் படகை விட்டுப் பூநாரைக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லாதீர்கள். வீணாக ஒரு முறை எழுந்து பறந்தால் அது தின்ற இரை வீணாகிறது. உழைப்பவன் வயிற்றில் அடிப்பது நம் வழக்கமல்ல.

ஆனால் போவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமே! பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி, வார ஓய்வையும் பறித்துக்கொள்ளும் காண்டிராக்ட் முறையில் வானத்தை அண்ணாந்து பார்க்க நேரமேது? ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முகத்துவாரம் ஆண்டு முழுதும் திறந்திருக்கட்டும். ஆற்றிலும் கழியிலும் ஆலைக் கழிவு சேராதிருக்கட்டும். மீனவர் உரிமையில் கை வைக்காதிருக்கட்டும். தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் அவனுடையதாக இருக்கட்டும்.

அந்த ஒரு நாளில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போங்கள், தோழர்களே. பார்த்தவன்தான் பறிபோகும்போது கேட்பான்.