சனிக்கிழமையை விட்டுக்கொடுங்கள்
பச்சைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் பூலாம்பாடியில் பிள்ளைகளுக்குத் தலைமை கற்றுத்தரத் தனி மண்டபம் எதற்கு? சாரணர் இயக்கமே போதும். அதன் உயிரே அணிமுறைதான். ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களுக்குள் ஒருவர் தலைவர். கூடாரம் எங்கே அடிப்பது, யார் உலை வைப்பது, கால் சுளுக்கியவனை எப்படித் தூக்கி வருவது என்பதையெல்லாம் 14 வயதுப் பிள்ளை முடிவெடுக்கிறது. வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளை இங்கே வாய் திறக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை என்று பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் சாரணர்களின் தேசியப் பெருந்திரளணியே நடந்தது. மகிழ்ச்சிதான். அதைவிட, மாதம் ஒரு சனிக்கிழமை மலையடிவாரம் போய்வருவதே பிள்ளையை வளர்க்கும். தலைமையாசிரியர்களே, அந்த ஒரு நாளையும் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.