விருந்தும் விருந்தினரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை, சித்தூரைக் கடந்து பங்காருபாளையத்தை அடைகிறது. மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியிலும், மாலை வேளையில் நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் ஆகியவற்றின் மணம் எழுவது இன்று புதுமையன்று. பிறந்தநாள், தேர்வில் வெற்றி, ஊரிலிருந்து வந்த உறவினர் என எக்காரணம் கிடைத்தாலும், பிள்ளைகள் பலர் விரும்பிக் கேட்பது தெருமுனையிலுள்ள சீன உணவகத்தைத்தான்.

இவ்வுணவைக் குறித்துப் பெரியவர் சிலர் குறை கூறுவதுண்டு. “இது சீன உணவே அன்று, வெறும் போலி” என்பர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்குப் பகுதியின் பெயர். கோபி மஞ்சூரியன் அங்குப் பிறந்த உணவன்று. ஆயினும் ‘போலி’ என்னும் சொல் அதற்குப் பொருந்தாது. அவ்வுணவின் வரலாறே இதற்குச் சான்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், டோங் அச்சூ என்னும் சீனர் கல்கத்தாவுக்கு அருகில் ஊக்ளி ஆற்றங்கரையில் சர்க்கரை ஆலை ஒன்றை நிறுவினார். அவர் பெயரால் அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. அவருக்குப் பின் தென்சீனத்திலிருந்து பலர் வந்து குடியேறினர். கான்டன் பகுதியினர் தச்சுத்தொழிலில் சிறந்து விளங்கினர். ஹக்கா மக்கள் தோல் பதனிடுதலையும் காலணித் தொழிலையும் மேற்கொண்டனர். கல்கத்தாவின் டாங்ரா பகுதி அவர்களது உழைப்பால் வளர்ந்தது. காலப்போக்கில் உணவகங்களும் தோன்றின. உண்ண வந்தோரின் சுவைக்கேற்பப் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சோயா சாஸுடன் சேர்ந்தன. கல்கத்தாவில் பிறந்த சீன மரபினரான நெல்சன் வாங், 1975இல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பர். பின்னர்க் கோழியின் இடத்தில் காலிபிளவர் அமர, அது சைவ உணவினருக்கும் உரியதாயிற்று.

ஆகவே, இது புலம்பெயர்ந்தோர் புதிய மண்ணில் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஆக்கிய உணவு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதனால் காரக்குழம்பைப் போலி என்று எவரும் கூறுவதில்லை. சித்தூரில் பேசப்படும் தமிழில் தெலுங்குச் சொற்கள் கலந்திருப்பதால் அது தமிழன்று என்று கூறுவதும் முறையாகாது. இடம் பெயர்ந்தவை புதிய இடத்திற்கேற்ப மாறுவது இயல்பு.

உணவு உண்மையானதா, போலியா என்பதைக் காட்டிலும் முதன்மையான வினா ஒன்று உண்டு. உணவை ஏற்றுக்கொண்ட நாடு, அதைச் சமைத்த மக்களையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டதா?

1962இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைப் போர் மூண்டது. அப்போது சீன மரபினர் ஏறத்தாழ 3,000 பேர் அசாம், வங்காளம் முதலிய பகுதிகளிலிருந்து தொடர்வண்டியில் கொண்டு செல்லப்பட்டு, ராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர். எந்த நீதிமன்றமும் அவர்களை விசாரிக்கவில்லை. போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. சிலரோ பல ஆண்டுகள் முகாமில் கழித்தனர். விடுதலை பெற்றோர் பலர் வீடும் தொழிலும் இழந்திருந்தனர். பின்னர்ப் பல குடும்பங்கள் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றன. நூடுல்ஸ் சிற்றூர்கள் வரை பரவியது. அதைக் கொணர்ந்த மக்களோ அருகினர்.

போர்க்காலத்தில் அரசு விழிப்புடன் இருத்தல் கடமையன்றோ என்று சிலர் வினவலாம். விழிப்பு வேண்டும்தான். ஆனால், ஒருவர் செய்த செயலைக் கொண்டு ஐயுறுவது வேறு; ஒருவர் முகத்தையும் குலத்தையும் கொண்டு ஐயுறுவது வேறு. பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குழந்தை எல்லையில் எந்தத் தவறும் செய்திருக்க இயலாது.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. தென்னக நகரங்களின் உணவகங்கள் பலவற்றில் இன்று வடகிழக்கு மாநில இளைஞர்கள் பணிபுரிகின்றனர். 2012 ஆகஸ்ட் மாதத்தில், தாங்கள் தாக்கப்படலாம் என்ற வதந்திக்கு அஞ்சி, பெங்களூரிலிருந்து வடகிழக்கு மக்கள் பல்லாயிரவர் தொடர்வண்டி ஏறித் தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவர்கள் வேறு நாட்டினர் அல்லர், இந்நாட்டின் குடிமக்களே.

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். தோசையை விரும்பி உண்பவர், அதைக் கொண்டுவந்த மாணவனின் பேச்சைக் கேட்டு நகைத்தால், அவன் மனம் வருந்தும். தமிழரும் ஒருகாலத்தில் சீனாவில் வந்தேறிகளாக வாழ்ந்தவரே. அந்நாட்டின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்குச் சிவபெருமானுக்குக் கோயிலும் இருந்தது. வேற்று மண்ணில் தம் மொழியையும் வழிபாட்டையும் பேண அன்று அவர்களுக்கு இடம் கிடைத்தது.

‘ஹக்கா’ என்னும் சொல்லுக்கு ‘விருந்தினர் குடும்பத்தார்’ என்பது பொருள். தமிழில் ‘விருந்து’ என்னும் சொல், முதலில் புதுமையையும் புதிதாக வந்தவரையும் குறித்தது. பின்னரே அவருக்கு அளிக்கும் உணவையும் குறித்தது. உணவை மட்டும் ஏற்று, வந்தவரை ஒதுக்குவது பாதி விருந்தே ஆகும். ஹக்கா நூடுல்ஸை விரும்பி உண்ணும் ஒவ்வொருவரும், அதைப் பரிமாறுபவரின் பெயரையும் ஊரையும் அன்போடு கேட்டறிதல் நன்று. அவரை முகத்தைக் கொண்டு எவரேனும் எள்ளினால், அவருக்காகப் பேசுதல் அதனினும் நன்று.