டியூபில் 1% என்று போட்டிருந்தால் போதுமா? பூஞ்சை கிரீமை ஆய்வகம் அளப்பது எப்படி?

தொடை இடுக்கில் அரிப்பு, வட்டமாகத் தடிப்பு. டாக்டரிடம் காட்டக் கூச்சம். "அண்ணே, படர்தாமரைக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவதுதான் பலரின் வழக்கம். வாரக்கணக்கில் போட்டும் குறையாவிட்டால் சந்தேகம் வருகிறது: இதுல மருந்து உண்மையிலேயே இருக்கா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆய்வகம். ஆனால் எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பதிலை நம்ப முடியும்.

150 மில்லிகிராமைத் தேடி...

பரவலாக விற்கும் கிளாட்ரிமசோல் 1% கிரீமை எடுத்துக்கொள்வோம். 15 கிராம் டியூபில் மருந்து வெறும் 150 மில்லிகிராம். மீதியெல்லாம் மெழுகு, கொழுப்புப் பொருள்கள், தண்ணீர், கெடாமல் காக்கும் பொருள்.

மருந்து தூளாக இருக்கும்போது அளப்பது சுலபம். கரைசலாக்கி, பெர்குளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் செய்தால் போதும். பிளஸ் டூ லேபில் செய்தது போலத்தான். கிரீமில் அப்படி முடியாது. முதலில் மருந்தை அந்தப் பிசுபிசுப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மெத்தனால் போன்ற கரைப்பானில் லேசாகச் சூடாக்கிக் குலுக்கி, குளிரவைத்து, உறைந்த மெழுகை வடிகட்டுகிறார்கள். இதில் கொஞ்சம் மருந்து மெழுகோடு தங்கிவிட்டாலும், நல்ல கிரீம்கூட 'மருந்து குறைவு' என்று முடிவு வாங்கிவிடும்.

ஒளி ஏமாற்றும் இடம்

வடிகட்டிய கரைசலில் புற ஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பது மலிவான, வேகமான முறை. சிக்கல் என்னவென்றால், உறிஞ்சுவது மருந்தா, வேறு பொருளா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. சில கிரீம்களில் கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹாலும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும்.

இன்னொரு சிக்கல் பெரியது. அமிலத்தன்மை கூடினால் கிளாட்ரிமசோல் உடைகிறது. பூஞ்சையைத் தாக்கத் தேவையான இமிடசோல் பகுதி கழன்றுவிடும். மீதித் துண்டுக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் ஒளியை மட்டும் பழையபடி உறிஞ்சும். கெட்டுப்போன மருந்தும் கணக்கில் 'மருந்து' என்றே ஏறிவிடும்.

பிரித்து எண்ணும் முறை

இங்கேதான் எச்.பி.எல்.சி. வருகிறது. நுண்துகள் நிரப்பிய குழாய் வழியே கரைசலை அதிக அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். மருந்து, உடைந்த துண்டு, பென்சைல் ஆல்கஹால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். திரையில் தனித்தனி முகடாகத் தெரியும். மருந்தின் முகட்டை, தூய்மை உறுதிசெய்யப்பட்ட மாதிரியின் முகட்டோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். லேபிளில் சொன்னதில் 90 முதல் 110 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க மருந்துத் தர நூல்.

நமக்கு என்ன?

இந்தியாவில் டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத பூஞ்சை பரவியிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் போட்டு நோயை முற்றவிடுபவர்களும் உண்டு. ஆகவே குணமாகாததற்குக் காரணம் பூஞ்சையா, தவறான கிரீமா, தரமில்லாத டியூபா என்று டாக்டர் பிரித்தறிய வேண்டும். டியூபின் அளவையே நம்ப முடியாவிட்டால் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமற்ற மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் தயாரித்த அன்று 'பாஸ்' ஆன டியூப், வெயில் காயும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பிறகும் 'பாஸ்' ஆகிறதா என்பதே முக்கியம். கடையிலிருந்து எடுத்த மாதிரிகளை, கெட்டதையும் நல்லதையும் பிரித்துக்காட்டும் முறையில் சோதிக்க வேண்டும். அதற்கான கருவியும் ஆட்களும் மாநில ஆய்வகங்கள்வரை போய்ச் சேர வேண்டும்.

வாங்குபவரும் பில்லையும் பேட்ச் எண் உள்ள டியூபையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அவைதான் கையிலிருக்கும் சாட்சி.